இரண்டு நோய்க்கும் ஒரே நோட்டு

என் அண்ணனுக்கு இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று போதை மீட்பு மையத்தில், இன்னொன்று மனநல மருத்துவரிடம். மையத்தில், "மாத்திரையும் ஒரு போதைதான் சார், அதையும் விட்டாத்தான் முழுசா விட்டதா அர்த்தம்" என்றார்கள். மருத்துவர், "குடிச்சுக்கிட்டே இருக்கிறவருக்கு மாத்திரை எழுதிப் பிரயோஜனம் இல்லை. முதல்ல அதை நிறுத்திட்டு வாங்க" என்றார். மையத்திலிருந்து வீடு திரும்பும்போது மாத்திரை நின்றிருக்கும், பின்னாலேயே தூக்கமும் போகும், மூன்றாவது வாரம் வேட்டி மடிப்பில் குவாட்டர் பாட்டில் இருக்கும். குடித்துவிட்டோமே என்ற கூச்சத்தில் மருத்துவரிடமும் போகமாட்டார். நான்கு வருடம் இப்படியே ஓடியது. அண்ணியின் நகைகளும் அதோடு போயின.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில், வயதில் சின்னவரான ஒரு மருத்துவர் இரண்டு ஃபைல்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படித்தார். "இவருக்கு ரெண்டு வியாதிம்மா. ரெண்டுக்கும் இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார். அதற்கு முன் யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. இங்குமங்கும் அலைந்துகொண்டிருக்கும் வேறு வீட்டார் யாராவது படிக்கட்டும் என்றுதான், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள்

பல வருடம் தினமும் குடித்தவரை அறையில் போட்டுப் பூட்டினால் திருந்திவிடுவார் என்று நம்புகிறோம். அது உயிருக்கே ஆபத்து. கடைசிக் குடி முடிந்து ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், காய்ச்சல் அடிக்கும், ஆளையே அடையாளம் தெரியாது. இதைக் 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போன வீடுகளை நான் அறிவேன். வலிப்போ குழப்பமோ கண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கார்த்திகையில் மாலை போடுவதற்காக ஒரே நாளில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மாலை போடட்டும், நல்லதுதான். அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைத் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மருத்துவமனையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி பி1 ஊசி போட்டாச்சா?" நெடுநாள் குடித்த உடம்பில் தயமின் என்னும் அந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகவே கெட்டுவிடலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்

எல்லாவற்றிலும் எங்களுக்கு அதிகம் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் இரண்டு பக்கத்தில் பழைய கதையை எழுதுங்கள். எந்த வயதில் குடி ஆரம்பித்தது, எப்போது தினசரி ஆனது, மனசு சரியில்லாமல் போனது அதற்கு முன்பா பின்பா. குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டா. தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல், கடன் வாங்கிச் செலவு செய்து, நாள் முழுக்கப் பேசித் திரிந்த காலம் ஏதாவது இருந்ததா. காதில் குரல் கேட்பதாகச் சொன்னாரா. குடிக்காமல் இருந்த நாட்கள் எப்போது, அந்த நாட்களில் எப்படி இருந்தார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். குடியே மனச்சோர்வை உண்டாக்கும். அப்படி வந்த சோர்வு, குடியை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் தானே கரையும். 1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்குச் சேர்ந்த குடிநோயாளிகளில் 42 சதவீதம் பேருக்கு முதல் வாரத்தில் கடுமையான மனச்சோர்வு இருந்தது. நான்காவது வாரத்தில் அது 6 சதவீதமாகக் குறைந்தது. அந்த நான்கு வாரத்துக்குப் பிறகும் கரையாமல் நிற்கிறதென்றால் அது பெரும்பாலும் தனி நோய். அண்ணன் ஒருமுறை மாலை போட்டு 41 நாள் சொட்டுக்கூடத் தொடவில்லை. அந்த 41 நாளும் மோட்டார் கொட்டகைத் திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "சாமி பக்தி, அதான் பிள்ளை அமைதியாயிட்டான்" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதைப் படித்துவிட்டு, மனசுக்கு மருந்து தொடங்க எல்லோரும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமோ என்று நினைத்துவிடாதீர்கள். குடிக்கு முன்பே மனநோய் இருந்திருந்தாலோ, குரல் கேட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாம் பக்கத்திலிருந்து தினக் கணக்கு. எவ்வளவு குடித்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும், திட்டி எழுத வேண்டாம். அண்ணி பிள்ளையின் பென்சிலால் எழுதினார். ஆறு வாரம் ஆனதும் எங்களுக்கே விளங்கியது: குடித்ததால் தூக்கம் கெடுகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம், ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு இரவு தூக்கம் போன பிறகுதான் பாட்டில் வந்திருக்கிறது. மருத்துவர் அதைப் பார்த்த பிறகுதான் சிகிச்சை சரியான இடத்தில் பிடித்தது.

எங்கே போவது, என்ன கேட்பது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் குடிநோய் மருத்துவமனை, பெங்களூரில் நிம்ஹான்ஸ். எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அந்தச் சேவை 2022 முதல் இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் மனநோய்தான் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ஆகவே "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்று யாராவது அனுப்பப் பார்த்தால் தயங்காமல் கேளுங்கள்: "ரெண்டையும் நீங்களே பார்ப்பீங்களா? இல்லைன்னா, இன்னொரு டாக்டர்கிட்ட நீங்க பேசுவீங்களா?" இரண்டு மருத்துவர் என்று ஆகிவிட்டாலும் நோட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும். இவர் எழுதியதை அவர் பார்க்க வேண்டும்.

தனியார் மையம் என்றால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார், ஏற்கெனவே போடும் மாத்திரையைத் தொடர்வார்களா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது என்ற பேச்சு காதில் விழுந்தால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். சங்கிலியால் பிணைப்பதை இந்தச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலி கட்டியிருந்ததால் பலரால் ஓட முடியவில்லை.

மாத்திரைகள்

மனச்சோர்வு மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிடக் கூடாது. அது போதை தருவதும் இல்லை. தூக்க மாத்திரை வேறு ரகம்: அதையும் சாராயத்தையும் சேர்த்தால் மூச்சே நின்றுபோகலாம். அந்த அட்டை வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

"அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து குடியை நிறுத்தலாம்" என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். அவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருக்கலாம். அது வயிற்றில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவருக்கு அந்த மருந்து நோயைக் கிளறியும் விடும். மருத்துவர் கொடுத்தால், நோயாளி தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் உண்டு. கல்லீரல், சிறுநீரகச் சோதனை பார்த்துத்தான் தருவார்கள்.

ஒரு நாள் குடித்துவிட்டால் அன்றைய மாத்திரையைப் போடலாமா? எல்லா வீட்டிலும் இரவு பத்து மணிக்கு எழும் கேள்வி இது. மருந்துக்கு மருந்து பதில் மாறும், அதனால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எங்கள் நோட்டின் அட்டை உட்புறத்தில் மருத்துவரே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சாவைப் பற்றிப் பேசினால்

மனச்சோர்வும் குடியும் சேர்ந்தால் தற்கொலை ஆபத்து கூடும். "சாகணும்னு தோணுதா அண்ணே?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பூச்சிமருந்து டப்பாவை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். தனியாக விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

மறுபடி குடித்தால்

குடிப்பார். அண்ணன் இரண்டு முறை வழுக்கினார். அன்றைக்குச் சண்டை வேண்டாம். மறுநாள் நோட்டில் முந்தைய இரண்டு வாரத்தைப் புரட்டி, தூக்கம் எங்கே குறைந்தது, மாத்திரை எந்த நாள் தவறியது என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, அண்ணனுக்கு அங்கே உயிர்த் தோழர்கள் கிடைத்தார்கள். அங்கே யாராவது "மாத்திரையை விடு" என்றால், உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று அந்த அமைப்பின் வெளியீடே சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. அண்ணி முதல் கூட்டத்தில் அழுதுவிட்டு வந்தார். அடுத்த வாரம் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார்.

உடம்பு தேறியதும் நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஐந்தாவது மாதத்திலிருந்து அண்ணனேதான் எழுதுகிறார். அடுத்து மாத்திரை வாங்கும் தேதியை மட்டும் இன்னமும் அண்ணி கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கிறார். தீர்வதற்கு மூன்று நாள் முன்பே போய் வாங்குகிறார்கள். தீபாவளி, பொங்கல் வரும் மாதங்களில் ஒரு வாரம் முன்பே.