யார் விதைத்த கொடி?

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் கொல்லைப்புறம் போகிறீர்கள். இதுவரை கண்ணில் படாத ஒரு கொடி வேலியில் ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் விதைக்கவில்லை, வீட்டில் யாருமே விதைக்கவில்லை. பிடுங்கி எறியலாமா? விட்டுவைக்கலாமா? அவசரம் வேண்டாம். முதலில் அது என்ன கொடி என்று கண்டுபிடிப்போம்.

அது எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். அவரையைப் போலத் தண்டையே கொம்பில் சுற்றி ஏறினால் அது பின்னுகொடி. பாகலைப் போலச் சுருளும் கம்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டால், அந்த உறுப்புக்குப் பற்றுக்கம்பி என்று பெயர். சார்லஸ் டார்வின் இந்த வேறுபாடுகளை ஆராய்ந்து 1865-இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நீங்களும் பாகல் கொடியில் சோதித்துப் பார்க்கலாம். இளம் பற்றுக்கம்பியின் நுனியை ஒரு குச்சியால் மெல்லத் தடவிவிட்டுக் காத்திருங்கள். அது வளையத் தொடங்கும்.

பற்றுக்கம்பி உண்டு, பூ வெள்ளை நட்சத்திரம் போல இருக்கிறது, பழம் சிவப்பு என்றால் அது கோவை. பழத்தைத் தின்ற பறவை வேலியில் வந்து உட்கார்ந்து எச்சமிட்டது. விதை அங்கேயே முளைத்தது. வேலியோரம் கோவை மிகுதியாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

பற்றுக்கம்பியோடு, காற்றடைத்த பை போன்ற காய் தொங்கினால் அது முடக்கத்தான். காய்க்குள் மூன்று அறைகள். கறுப்பு விதையில் இதய வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி. காய் மெல்லியது, காற்றும் வெள்ளமும் அதை எளிதில் கொண்டுசெல்லும். பெரியவர்களிடம் காட்டி உறுதி செய்துகொண்டால், இலை தோசைக்கு ஆகும்.

பற்றுக்கம்பியே இல்லை, தண்டு சுற்றி ஏறுகிறது, இலை புளிய இலை போல இருக்கிறது என்றால் எச்சரிக்கை! அது குன்றிமணியாக இருக்கலாம். காய் வெடித்தால் கறுப்புக் கண்ணுள்ள சிவப்பு விதைகள் தெரியும். பொற்கொல்லர்கள் எடைக்கல்லாகப் பயன்படுத்தியதும், களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதும் இந்த விதையைத்தான். ஆவணியில் கிணற்றடியில் உதிர்ந்த பிள்ளையாரின் கண்ணே உங்கள் கொல்லையில் முளைத்திருக்கலாம்!

குன்றிமணியில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. நம் உடலின் செல்களில் புரதம் தயாரிக்கும் இடம் ரைபோசோம். அப்ரின் அதைச் செயலிழக்கச் செய்கிறது, செல் மடிகிறது. விதையின் ஓடு கெட்டியானது. முழுதாக விழுங்கிய விதை கேடு செய்யாமல் வெளியேறிவிடுவதும் உண்டு. கடித்தாலோ, துளையிட்டிருந்தாலோ நஞ்சு வெளிப்படும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆகவே மணிகோக்க இதைத் துளையிடாதீர்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், விதை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சிறு குழந்தைகள் உள்ள வீடானால், காய் வெடிக்குமுன் பெரியவர்களைக் கொண்டு கொடியை வேரோடு அகற்றிவிடுங்கள். கோவையும் முடக்கத்தானும் வேலியில் இருந்துவிட்டுப் போகட்டும். மற்றச் செடிகளை மூடினால் மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

பெயர் தெரியாத கொடியைப் பிடுங்கவும் வேண்டாம், சுவைக்கவும் வேண்டாம். தண்டு, இலை, பூ, காய் நான்கையும் நோட்டில் வரைந்து ஆசிரியரிடம் காட்டுங்கள். முடிவு அதன்பிறகு!