பிரிய எண்ணும் பணியாளன்

பணியாளன் ஒருவன் விலகற் கடிதம் நீட்டும் நாளிலேதான் விலகினான் என்று நாம் கருதுகின்றோம். உண்மை அஃதன்று. உள்ளம் முன்னரே பிரிந்துவிடுகின்றது. உடல் பின்னரே செல்கின்றது. கேட்டதற்கு மட்டும் விடை கூறல், புதுக் கருத்து யாதும் சொல்லாமை, பிழை கண்டவிடத்தும் வாளாவிருத்தல் என்பன அப்பிரிவின் அடையாளங்களாம். இத்தகையானை நடத்துமாறு யாது? அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பிறரை நடத்தும் பொறுப்பு நாளை நம்மிற் பலர்க்கு வருமாதலின், இவ்வினா மாணவராகிய நமக்குப் புறம்பானதன்று.

ஊதியத்தை உயர்த்துக என்பது முதல் விடை. இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவில், டெட்ராயிட் நகரை அடுத்த ஹைலண்டு பார்க்கில் இருந்த ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலையில், 1913ஆம் ஆண்டில் தொழிலாளர் மாற்றம் நூற்றுக்கு 370 ஆயிற்று. அஃதாவது, நூறு இடங்களை நிரப்பிவைத்தற்கு ஓராண்டில் 370 பேர் வேண்டியிருந்தனர். ஒரே செயலை நாள் முழுதும் செய்யும் சலிப்பு அதற்குப் பெருங் காரணமாயிற்று. 1914 ஜனவரி 5ஆம் நாள், வேலை நேரத்தை 9 மணியினின்று 8 மணியாகக் குறைத்து, நாளொன்றுக்கு 5 டாலர் அளிப்பதாகப் போர்டு அறிவித்தார். இது முன்னைக் கூலியின் ஏறத்தாழ இருமடங்கு. மாற்றம் விரைவிற் குறைந்தது.

ஆயினும் பொருள் தோற்ற இடமும் உண்டு. 1923இல், பிலடெல்பியாவில் இருந்த நூற்பாலை ஒன்றின் ஒரு பகுதியில் மட்டும் மாற்றம் நூற்றுக்கு 250 ஆக, ஏனைய பகுதிகளில் 5 அல்லது 6 ஆகவே இருந்தது. ஊக்கப்பணத் திட்டங்கள் நான்கு வகுத்தும் பயனில்லை. எல்ட்டன் மேயோ என்னும் அறிஞர் அங்குச் சென்று, தொழிலாளர் தம் குறையைக் கூற இடமளித்தார். கால்நோவும் களைப்பும் மனச்சோர்வுமே அவர்தம் நோய் என்பது புலனாயிற்று. வேலைக்கிடையே பத்து பத்து நிமிட ஓய்வு வகுக்கப்பெற்றது. மாற்றம் தணிந்தது, உற்பத்தியும் ஓங்கிற்று. அவசர வேலை வந்தபோது மேற்பார்வையாளர் அவ்வோய்வை நிறுத்தினர். சின்னாளில் உற்பத்தி மீண்டும் தாழ்ந்தது. ஆலைத்தலைவர் ஓய்வைத் திரும்ப அளித்த பின்னரே நிலைமை சீர்ப்பட்டது.

இவ்விரண்டனாலும் நாம் அறிவதென்னை? நோய் அறியாது மருந்து கொடுத்தல் கூடாது என்பதே. சோர்ந்தானைச் சோம்பன் எனப் பெயரிடுதல் எளிது. சோர்வின் காரணத்தை வினவுதலே தலைவன் கடமை. அவ்வினவலும் பலர்முன் நிகழலாகாது. தனித்திருந்து, குற்றஞ் சாட்டாது, செவிசாய்த்தல் வேண்டும். தீர்க்கக்கூடிய குறையை உடனே தீர்க்க. தீர்க்கவியலாததனை ஒளியாது உரைக்க. நிறைவேற்றவியலா வாக்கு, செல்வானை விரைந்து செலுத்தும்.

அவன் போகவே துணிந்தானாயின் யாது செய்வது? இழித்துரையாது, தன் வேலையைப் பின்வருவானுக்குக் கற்பிக்கும் காலமும் மதிப்பும் அவனுக்கு அளித்தல் தகும். எஞ்சியிருப்போர் அதனை உற்றுநோக்குவர். தமக்கும் நாளை இவ்வாறே நிகழும் என அவர் அறிவர் அன்றோ? தம்மவராயிருந்து நீங்கினார், நீங்கிய காரணம் ஒழிந்தவழித் தாமே மீள்வர் என்பது திருவள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்திற் காட்டும் நெறி. ஆதலின், பிரிவானைத் தடுக்கக் கதவை அடைப்பதினும், பிரிவின் காரணத்தைக் களைந்து கதவைத் திறந்து வைப்பதே அறிவுடைமையாம்.