கண்ணாடி முன் நின்று கற்றவை

தன்னம்பிக்கையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கண்ணாடி. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், சாமிதோப்பில் உள்ள அய்யாவழிக் கோயிலான பதியின் பள்ளியறையில் இருக்கிறது அது. அங்கே சிலை கிடையாது. கண்ணாடியும் அதன் முன் விளக்குகளும்தான். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, நெற்றியில் வெள்ளை நாமம் இட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். சிறுவனாக இருந்தபோது, “சாமி எங்க பாட்டா?” என்று தாத்தாவிடம் கேட்டேன். “முன்னால நிக்குதே, தெரியல்லியா மக்களே?” என்றார். கண்ணாடியில் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தவன் நான்தான்.

அந்தத் தலைப்பாகையின் கனம் வளர்ந்த பிறகுதான் புரிந்தது. 1809-ல் இங்கே ஓர் ஏழை வீட்டில் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு இப்படியொரு பெயரா என்று எதிர்ப்பு வர, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோருக்குத் தலைக்கு வரி உண்டு, கூலியில்லாத ஊழியம் உண்டு. தலைப்பாகை கட்டத்தான் உரிமை இல்லை. அந்த முத்துக்குட்டிதான் 1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது அவர் வழி நடக்கும் அய்யாவழி மக்களின் நம்பிக்கை. வந்தவர், இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டச் சொன்னார். தனக்கு மறுக்கப்பட்ட முடியை எல்லார் தலையிலும் சூட்டிவிட்டார்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடையில் கணக்கெழுதினேன். முதலாளி விரலைச் சொடுக்கித்தான் என்னைக் கூப்பிடுவார். சொடுக்குச் சத்தம் கேட்டாலே தோள் குறுகிவிடும். “துண்டு தலையில கெட்டதுக்காக்கும் மக்களே” என்று பாட்டா சொல்வது ஒருநாள் நினைவுக்கு வந்தது. மேஜைக்கு எதிரே நேராக நின்று, “மொதலாளி, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, ஒடனே வாறேன்” என்றேன். குரல் நடுங்கியது, பார்வையை மட்டும் தாழ்த்தவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மறுநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வேலையும் போகவில்லை, மரியாதையும் வந்தது.

அய்யாவிடமிருந்து நான் கற்று, இன்றும் கடைப்பிடிப்பவை இவை:

முதலில் உங்களை வணங்குங்கள். காலையில் செல்போனைத் தொடும் முன் கண்ணாடியில் உங்கள் கண்ணை நேராகப் பாருங்கள். உள்ளே தெய்வம் இருக்கிறது என்று நம்புகிறவன் தன்னை இழிவாக நினைக்க மாட்டான்.

உடம்பை நிமிர்த்துங்கள். பயம் முதலில் தோளிலும் கழுத்திலும்தான் ஏறி உட்காருகிறது. யாரைப் பார்த்தால் குரல் தாழ்கிறதோ, அவரிடம் போகும் முன் நேராக நின்று மூச்சை ஆழமாக இழுத்துவிடுங்கள். மனம் பின்னாலேயே நிமிரும்.

அருளுக்கு விலை கொடுக்காதீர்கள். காணிக்கை, பலி, மந்திரவாதம் எதுவும் வேண்டாம் என்றார் அய்யா. தகட்டுக்கும் தாயத்துக்கும் போகிற பணத்தைப் பசித்தவர் சோற்றுக்குக் கொடுங்கள். பதிகளில் அன்னதானம் நடக்கும்போது போய்ப் பரிமாறிப் பாருங்கள்; மனசுக்குள் ஒரு தெம்பு வரும்.

அடுத்தவரையும் நிமிர்த்துங்கள். சாமிதோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் குளிக்க வைத்தார் அய்யா. நாம் இலை எடுப்பவரை, தெருக்கூட்டுபவரை ‘அக்கா’, ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுகிறோமா? இன்னொருவரைக் குனிய வைக்கிற கை நம்மையும் குனிய வைத்துவிடும்.

விலை கொடுக்கத் தயாராக இருங்கள். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அய்யாவைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். சொந்தச் சாதியாரோடு மட்டும் பழகுவதாக எழுதிக்கொடுத்தால் விடுதலை என்றபோது, முடியாது என்று மறுத்தாராம். அந்த ‘முடியாது’ அளவுக்கு வேண்டாம். மனசுக்கு ஒவ்வாத ஒன்றுக்குத் தலையாட்டாமல் இருக்கப் பழகினாலே பாதி பயம் போய்விடும்.

இந்த மண்ணின் பெண்கள் தோள்சீலைக்காகப் பல்லாண்டுகள் போராடிய பிறகு, 1859-ல்தான் மேலாடைக்கு இசைந்து அரச அறிவிப்பு வந்தது. அய்யா மறைந்தது 1851-ல். அறிவிப்பு வரட்டும், அப்புறம் தலை நிமிரலாம் என்று அவரும் இருக்கவில்லை, அந்தப் பெண்களும் இருக்கவில்லை. உரிமை உள்ளவர்களாகத் தங்களை முதலில் மதித்தார்கள். சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. வீட்டிலோ வேலையிடத்திலோ நீங்களும் யாருடைய அனுமதிக்காகவோ காத்திருந்தால், இன்றைக்கே உங்களை மதிக்கத் தொடங்கிவிடுங்கள். அதற்கு எவரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.