வீட்டில் நூலறை அமைத்தல்

சிவகங்கை ஜில்லாவைச் சேர்ந்த நெற்குப்பை, செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. பனையோலைக் கொட்டான் முடைதலும், அதன்மேல் பாசிமணியாலும் நூற்பின்னலாலும் அலங்காரம் செய்தலும் இந்நாட்டு ஆச்சிமார் கையில் வளர்ந்த வேலைகளாகும். அண்மையிலுள்ள காரைக்குடியின் கண்டாங்கிச் சேலை 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய கைத்தொழில்களுக்கு நூலே மூலதனம். அந்நூல் ஒரு மூலையிலும், ஊசி மற்றொரு மூலையிலும், கணக்கு ஞாபகத்திலும் கிடக்குமாயின், உழைத்தவருக்குக் கூலி குறையும். சில வேளை நற்பெயரும் குறையும். இவ்விரண்டையும் காப்பதே நூலறையின் பயன்.

1. இடம்

தனி அறை வேண்டுமென்பதில்லை. ஓர் அலமாரியும் அதன் முன்னே ஒரு பாய் விரிக்கும் இடமும் போதும். வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகள் வெளிச்சம் குறைந்தவை. ஆதலால் சாயநூல் வைப்பதற்கு ஏற்றவை. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். ஆனால் பின்னல் வேலைக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே நூலை அறையிலும், வேலையை வளவின் தாழ்வாரத்திலும் வைத்துக்கொள்வது சிறப்பு. அடுப்படியை ஒட்டிய அறை ஆகாது. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் நூலிற் படியும்.

2. அலமாரி

கீழ்த்தட்டு தரையினின்று ஒரு சாண் உயரத்திலும், பின்புறம் சுவரினின்று நான்கு விரல் தள்ளியும் இருத்தல் வேண்டும். கறையானைக் கண்டுபிடிக்கவும், ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரிற் கசியும் ஈரம் நூலைத் தொடாதிருக்கவும் இவ்விடைவெளி உதவும். மேல்தட்டில் நூல், நடுத்தட்டில் நடக்கும் வேலை, கீழ்த்தட்டில் ஓலை எனப் பிரித்துக்கொள்ளலாம். பாசிமணிகளை அளவு வாரியாகச் சிறு கண்ணாடிப் புட்டிகளில் இடுக. துருப்பிடித்த ஊசி நூலைக் கறைப்படுத்துமாதலால், ஊசிகளைத் தனிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். கத்தரிக்கோல் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

3. நூலைப் பிரித்தல்

நிறம் ஒன்றாயிருப்பதால் நூல் ஒன்றாகிவிடாது. 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு நிறைக்கு எத்தனை நிற்குமோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 20ஆம் நம்பர் ஒற்றைப்புரி நூல் ஒரு பவுண்டில் 16,800 கஜமும், 40ஆம் நம்பர் நூல் 33,600 கஜமும் இருக்கும். இவ்விரண்டையும் கலந்து பின்னினால் வேலை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் காணும்.

சாயமும் அவ்வாறே. ஒரே சிவப்பாயினும், வெவ்வேறு நாளில் வெவ்வேறு தொட்டியில் தோய்த்த நூல்கள் சிறிது மாறுபடும். அறையிற் பார்க்கும்போது தெரியாத வேற்றுமை, வேலை முடிந்தபின் பட்டையாகத் தெரியும். ஆதலால் ஒவ்வொரு கட்டிலும் நம்பர், நிறம், வாங்கிய தேதி, நிறை ஆகிய நான்கையும் எழுதிய சீட்டைக் கட்டுக. ஒரு வேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குவதே உத்தமம்.

4. பூச்சியும் பூசணமும்

அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், பட்டையும் விடாது. பருத்திக்கு அதனால் அபாயம் குறைவு. ஆனால் கஞ்சியிட்ட பருத்தி நூலை வெள்ளிப்பூச்சி நாடும். வேப்பிலையும் வசம்பும் வைப்பது வழக்கம். வேப்பிலையை நன்கு உலர்த்தியே வைக்க வேண்டும். எனினும் துப்புரவும் உலர்வுமே முதற் காப்பு. ஈர நூலைத் தகரப் பெட்டியில் மூடினால் பூசணம் பிடிக்கும். நிழலில் உலர்த்திப் பருத்தித் துணிப்பையிலிட்ட பிறகே பெட்டியில் வைக்கலாம். ஓலைக்கும் இவ்விதியே.

5. நிறையும் கணக்கும்

கைத்தறிச் சங்கங்களில், சங்கம் நூலைக் கொடுத்து, நெய்த துணியைப் பெற்றுக் கூலியளிக்கும் முறை உண்டு. இச்சங்கங்களின் தலைமை நிலையமாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. வீட்டுக் கைவேலைக்கு நூலை எடைபோட்டுப் பெறுவோரும் இம்முறையின் நுட்பமொன்றை அறிய வேண்டும்.

பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அறவே உலர்ந்த 1,000 கிராம் பருத்தி நூல், வியாபார அளவுக்கு வகுத்த ஈரத்தோடு 1,085 கிராம் நிற்கும். மழைநாளில் அதனினும் கூடும், கோடையிற் குறையும். ஆகவே கார்த்திகையில் 5 கிலோ பெற்று, சித்திரையில் திருப்பி நிறுக்கும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு ஈரம் வற்றியிருப்பினும் 100 கிராம் குறையும். ஒருவரும் திருடவில்லை, ஆயினும் பழி வேலை செய்தவர்மேல் விழும். கணக்கில்லாத வீட்டில் இப்பழிக்கு மறுமொழி கிடையாது.

இதற்குப் பரிகாரம் ஒரு சிறு நோட்டுப் புத்தகமே. தேதி, பெற்றது, செலவானது, கழிவு, இருப்பு என ஐந்து பத்திகள் வரைக. பெற்ற நாளில் மழையா வெயிலா என்பதையும் குறிக்க வேண்டும். உதாரணமாக, பெற்ற நூல் 2,000 கிராம், முடித்த வேலையில் நூல் 1,540, கழிவு 40, இருப்பு 420. மூன்றையும் கூட்டினால் 2,000 வரும். துண்டு நூலையும் எறியாமல் பையிலிட்டு நிறுத்தாலன்றி இக்கணக்கு நேராகாது. பெறும்போதும் கொடுக்கும்போதும் ஒரே தராசில் நிறுத்து, இரு திறத்தாரும் கையொப்பமிடுதல் நலம்.

பயிற்சி வினாக்கள்

(1) ஒரே நிறமுள்ள இரு கட்டு நூல்களை ஏன் கலக்கலாகாது?
(2) மழைக்காலத்திற் பெற்ற நூல் கோடையில் நிறை குறைவதேன்?
(3) 1,500 கிராம் பெற்று, வேலையில் 1,120 கிராமும் கழிவில் 30 கிராமும் சென்றால், அலமாரியில் எவ்வளவு இருத்தல் வேண்டும்? இன்றே உங்கள் வீட்டு நூலை நிறுத்து இவ்வாறு கணக்கிட்டுப் பார்க்க.