கடல்வழியும் கைக்கணினியும்

மீன்பிடி படகில் இன்று திசைகாட்டியோடு திரையும் ஏறிவிட்டது. அந்தமானில் டெய்ரி ஃபார்முக்கு அருகேயுள்ள ஜங்லிகாட் துறையாயினும், தமிழகத்தில் நாகப்பட்டினமாயினும், தூத்துக்குடியாயினும், ஜி.பி.எஸ். கருவியோ கைப்பேசியோ இன்றி ஆழ்கடல் செல்லும் படகு அருமை. இப்பொழுது டேப்லெட் என்னும் கைக்கணினியும், கரையில் திட்டமிடுவதற்கு மடிக்கணினியும் அவற்றோடு சேர்ந்துள்ளன. இவை எப்படி வேலை செய்கின்றன, எந்த அளவுக்கு நம்பத்தக்கன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தமான் கடலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஏன் அதனைத் தேர்ந்தோம் என்பது போகப் போக விளங்கும்.

கடலில் நிற்பவன் திரையைப் பார்த்துக் கேட்கும் வினாக்கள் இரண்டு. 'நான் எங்கே இருக்கிறேன்?' என்பது ஒன்று. 'என் படகின் அடியில் என்ன இருக்கிறது?' என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை வானிலிருந்து அப்பொழுதே வருகிறது. இரண்டாம் வினாவுக்கு விடையோ, என்றோ ஒருநாள் யாரோ அளந்து வைத்த படத்திலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே திரையில், ஒரே தெளிவோடு தோன்றுவதால், இரண்டையும் ஒன்றுபோலவே நம்பிவிடுகிறோம். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

முதல் வினாவை விரைவாக முடிப்போம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. பொதுமக்கள் பயன்படுத்தும் குறிப்பலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னர், திறந்த கடலில் சில மீட்டர் துல்லியம் எளிதாகக் கிடைக்கிறது. இந்தியாவின் நாவிக் அமைப்பும் நம் நாட்டையும் சுற்றியுள்ள 1,500 கிலோமீட்டர் எல்லையையும் கருதி அமைக்கப்பட்டதே. இதற்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. 'டவர் போய்விட்டது, இனி ஜி.பி.எஸ். வேலை செய்யாது' என்று நம்புவோர் பலர் உளர். அது தவறு. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது 2020 ஆகஸ்டில். அதன் பின்னர்த் தீவுகளில் இணையம் விரைவடைந்தது உண்மையே. எனினும் கரையை விட்டுச் சற்றுத் தொலைவு சென்றால் அலைவரிசை மறைந்துவிடும். ஆதலின் படத்தைக் கரையிலேயே இறக்கிக் கருவிக்குள் சேமித்துக்கொள்ள வேண்டும். படம் இல்லாவிடினும் இடத்தின் எண்கள் வரும்; ஆனால் வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டும் நிற்பதால் பயன் என்ன?

வாங்கும்பொழுது கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் ஜி.பி.எஸ். வாங்கியே கிடையாது. மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் இல்லை. யு.எஸ்.பி. வழியாகவோ புளூடூத் வழியாகவோ தனி வாங்கி ஒன்றை இணைக்க வேண்டும். ஓப்பன் சி.பி.என். என்னும் இலவச மென்பொருள் மடிக்கணினியிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் இயங்கும். மாணவர் பழகுவதற்கு ஏற்றது.

அடுத்து, எண்களைப் பற்றி. பூகோளப் பாடத்தில் பாகை, கலை, விகலை என்று படித்தவற்றையே மீனவர் டிகிரி, மினிட், செகண்ட் என்கின்றனர். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழி ஆராய்ந்து, மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் அவ்வறிவிப்பு உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. அதில் இடங்கள் பாகை, கலை, விகலையாகத் தரப்படுகின்றன. திரையோ சிலபோது பாகையைத் தசமமாகக் கேட்கும். வட அட்சம் 11 பாகை 40.5 கலை என்பதை ஒருவர் 11.405 என்று பதிந்துவிட்டார் என்று கொள்வோம். சரியான எண் 11.675 ஆகும், ஏனெனில் ஒரு பாகைக்கு 60 கலை. அவர் பதிந்த 11.405 என்பது 11 பாகை 24.3 கலை. வேறுபாடு 16.2 கலை. அட்சத்தில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆக, படகு 30 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்கும். கருவி பழுதில்லை, வானமும் பொய் சொல்லவில்லை. டீசல் மட்டும் தீர்ந்திருக்கும்.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். ஆழத்தை அளப்பது ஒலி. படகின் அடியில் பொருத்திய கருவி ஓர் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகிறது. அது தரையில் மோதித் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 40 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 0.053 விநாடி ஆகும். ஃபிஷ் ஃபைண்டர் எனப்படுவதும் இதே கருவிதான். இடத்தையும் ஆழத்தையும் விநாடிதோறும் சேர்த்துப் பதிந்து, மடிக்கணினியில் கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற மென்பொருளிற் கொடுத்தால், சம ஆழக் கோடுகள் கொண்ட படம் எழும்.

இதனை ஓர் ஏரியில் பழகுவது எளிது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்வோம். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அலையேற்றம் அங்கே இல்லை. ஆனால் பாசனத்துக்குத் திறக்கத் திறக்க மட்டம் இறங்கும். அணைமட்டம் 100 அடியாக இருந்த நாளில் ஓரிடத்தில் 8 மீட்டர் ஆழம் பதிவாயிற்று எனக் கொள்க. மட்டம் 70 அடிக்கு வந்த நாளில் அவ்விடம் நீரில் இராது; ஒரு மீட்டர் உயரத் திட்டாக வெளியே நிற்கும். நீர் வெகுவாக வற்றும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் தலை காட்டுவதைப் பலர் சென்று காண்கின்றனர். அவை முழுதும் வெளியே தெரியும்பொழுது காட்சிப் பொருள்; நீருக்குள் அரையடி மறைந்திருக்கும்பொழுது பரிசலுக்கும் படகுக்கும் பகை. ஆகவே ஏரிப்படத்தில் ஆழத்தை எழுதுவதைவிட, அளந்த நாளின் அணைமட்டத்தை எழுதுவது முதற்கடமை.

கடலில் அந்த மட்டம் நாள்தோறும் மாறுகிறது. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது) பெருவெள்ள நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ 2 மீட்டர் வேறுபாடு உண்டு. எனவே வரைபடத்தில் எழுதும் ஆழம், மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய ஓர் அடிமட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கருவி 3.2 மீட்டர் காட்டுகிறது. கருவி நீர்மட்டத்துக்கு 0.3 மீட்டர் கீழே உள்ளது. அந்நேரத்து ஓதம் 1.4 மீட்டர் என்று அட்டவணை சொல்கிறது. அப்படியானால் படத்திற் பதியவேண்டிய ஆழம் 3.2 கூட்டல் 0.3 கழித்தல் 1.4, அதாவது 2.1 மீட்டர். இக்கழித்தலைச் செய்யாமல் காலையில் ஒரு பாதியும் மாலையில் ஒரு பாதியும் அளந்தவர் படத்தில், கடலடியில் இல்லாத ஒரு படிக்கட்டு தோன்றும்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். படகை 50 மீட்டர் இடைவெளியில் இணைகோடுகளாக ஓட்டினால், கோட்டின் மேல் இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். கோடுகளுக்கு இடையே ஒன்றுமே கிடைக்காது. அவ்விடைவெளியைக் கணினி அழகிய வளைவால் நிரப்பிவிடும். அது அளவை அன்று, ஊகம். சேற்றுத் தரையில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பவளப்பாறை குடையைப்போல் திடீரென எழும் அந்தமானில் பலிக்காது.

அந்தமானைத் தேர்ந்ததற்கு முதன்மையான காரணம் 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையை நாம் அனைவரும் அறிவோம். அந்நிலநடுக்கம் தீவுகளின் தரையையே சாய்த்துவிட்டது என்பதை அறிந்தோர் சிலரே. தெற்கே போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தங்கியது. வடமேற்கிலோ தரை உயர்ந்தது. வட சென்டினல் தீவைச் சுற்றியிருந்த பவளத்திட்டு நீருக்கு வெளியே வந்து மடிந்தது. உயர்வு ஒரு மீட்டரைக் கடந்த இடங்களும் உண்டு.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பழைய அளவையில் எழுந்த படத்தை வைத்துக்கொண்டு தெற்கே செல்பவனுக்குப் படம் சொல்வதைவிட அதிக நீர் இருக்கும், அவன் பிழைத்தான். அதே படத்தோடு வடமேற்கே செல்பவனுக்குப் படம் சொல்வதைவிடக் குறைந்த நீரே இருக்கும். பிழை ஒன்றே, ஒருவனைக் காக்கிறது, ஒருவனைக் கவிழ்க்கிறது. திரையில் இரண்டிடமும் ஒரே நீலம்! டேராடூனிலுள்ள தேசிய நீர்வரைவு அலுவலகம் வெளியிடும் படங்களில் அளவை நிகழ்ந்த ஆண்டு குறிக்கப்படுகிறது. மின்படங்களில் அளவையின் தரத்தை ஏ1 முதல் டி வரை எழுத்தால் சுட்டுவர், தரம் மதிப்பிடப்படாததை யு என்பர். ஆழத்தைப் பார்க்குமுன் இவற்றைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. மிகப் பழைய படங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. எவரெஸ்ட் என்னும் பழைய அளவைமுறையில் குறித்த இடத்துக்கும் ஜி.பி.எஸ். முறையில் குறித்த இடத்துக்கும் சில நூறு மீட்டர் விலகல் ஏற்படும். அப்படத்தைப் புகைப்படமெடுத்துத் திரையில் ஏற்றினால், பாறையைச் சுற்றிப் போவதாக எண்ணிப் பாறைமேலேயே போகலாம்.

திரையைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் உண்மை மாறாது. தெரிவது மட்டும் மாறும். 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வால்வோ பாய்மரப் பந்தயத்தில் சென்ற வெஸ்டாஸ் விண்ட் என்னும் படகு, மொரிசியசுக்கு வடக்கேயுள்ள கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் இரவில் மோதியது. தேர்ந்த மாலுமிகள், விலையுயர்ந்த கருவிகள். அவர்கள் பார்த்துத் திட்டமிட்ட சிறிய அளவுப் படத்தில் அத்திட்டு பாறையாகத் தோன்றவில்லை. பெரிதாக்கியிருந்தால் தோன்றியிருக்கும். எவரும் உயிரிழக்கவில்லை என்பது நற்பேறு.

உயிரிழப்பும் நிகழ்ந்ததுண்டு. வட சென்டினல் தீவினரின் வாழ்வைக் காக்க, 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அத்தீவையும் அதைச் சூழ்ந்த கடலையும் அணுகுதல் தடுக்கப்பட்டுள்ளது. 2006 ஜனவரியில், தடையை மீறி அதனருகே மீன்பிடித்து இரவில் நங்கூரமிட்டு உறங்கிய இருவரின் படகு, நங்கூரம் பிடிக்காமல் நீரோட்டத்தில் ஒதுங்கித் தீவின் கரையைச் சேர்ந்தது. இருவரும் கொல்லப்பட்டனர். இன்றைய டேப்லெட் மென்பொருள் பலவற்றில் நங்கூர எச்சரிக்கை உண்டு: குறித்த வட்டத்தை விட்டுப் படகு நகர்ந்தால் கூவும். 15 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் கயிறு விட்டால் படகு ஏறத்தாழ 37 மீட்டர் ஆரத்தில் ஆடும். கருவியின் பிழைக்கு இடம் விட்டு 50 மீட்டர் என வட்டமிடலாம். அதே திரையில் தடைசெய்த கடலையும், வண்டூரில் 1983-இல் அமைந்த கடல் தேசியப் பூங்காவையும், வடக்கே மியான்மரின் கோக்கோ தீவுகளை நோக்கிய எல்லைக்கோட்டையும் முன்னரே வரைந்து வைக்கலாம். எல்லை தாண்டி அயல்நாட்டுச் சிறையில் இருக்கும் மீனவனின் வீட்டாருக்கு இக்கோட்டின் விலை தெரியும்.

டேப்லெட் பேசாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒக்கி புயல் வீசிய 2017 நவம்பர் இறுதியில், ஆழ்கடலிலிருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. 2019-இல் வந்த ஜெமினி கருவி, செயற்கைக்கோள் வழி எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசிக்கு அனுப்புவது. ஆனால் அது கேட்கும் காதே அன்றிப் பேசும் வாய் அன்று. இருவழியும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் விலையின்றிப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இவற்றை விட்டு, அயல்நாட்டுச் செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வாங்கி வைப்பது இந்தியாவிற் குற்றம். கடற்படைத் தளங்களுக்கு அருகே ஆழம் அளந்து படம் வரைய முற்படுவோரும் முன்னதாக அதிகாரிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

கருவியைப் படகில் வைக்கும் முறை பற்றிச் சில சொல்லி முடிப்போம். உப்புநீர் பட்ட திரை, விரல் தொடாமலே தொட்டதாகக் கொண்டு படத்தை இழுத்தடிக்கும்; நேர்வெயிலில் சூடேறி அணைந்தும் போகும். நீர்புகா உறையும் நிழலும் வேண்டும். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்னேற்றும் கம்பியை உப்புப் பிடிக்காமல் துடைத்து வைக்க வேண்டும். மடிக்கணினி திறந்த படகுக்கு உரியதன்று. அது கரையில் இருக்கட்டும். காந்தத் திசைகாட்டி படகிலேயே இருக்கட்டும். மலை உச்சியையும் கோபுரத்தையும் ஒருசேரப் பார்த்துப் 'பார்' இருக்குமிடம் கண்ட முதியோரிடம் அவ்வடையாளங்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஜி.பி.எஸ். எண்ணும் பாகக் கணக்கில் ஆழமும் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றும் வேண்டும். அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அளந்த தேதியையும் மணியையும் எழுதுக.