பழவேற்காட்டுச் சிவப்பு: நூலுக்கு வீட்டிலேயே சாயமேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பழவேற்காடு என்றால் இன்று இறாலும் நண்டும் பூநாரையும்தான். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதோ துணி வணிகத்துக்காக. இந்தக் கரையில் சேர்த்த பருத்தித் துணி கப்பலேறிப் போய், கிழக்குத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் ஈடாக நின்றது. சோழமண்டலக் கரைத் துணியின் பேர்பெற்ற சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்று சொல்லும் செடியின் வேர் அது; கடலோர மணலில் வளரும். அதிலுள்ள அலிசரின் என்னும் நிறப்பொருளை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கினார்கள். அதன்பின் வேர் தோண்டும் தொழில் படுத்துவிட்டது.

அந்தச் சிவப்பின் சாயலைக் குரோஷா, நிட்டிங் செய்யும் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்தால் வீட்டிலேயே கொண்டுவரலாம். பழவேற்காட்டில் பெண்கள் பனையோலைக்குச் சாயம் ஏற்றிக் கூடை, பெட்டி முடைகிறார்கள். சாயப்பானை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் ஓலையைவிடப் பருத்தி பிடிவாதம் கூடியது. சாயப்பானையில் இறங்குவதற்கு முன் செய்யும் வேலைதான் நிறத்தைத் தீர்மானிக்கும்.

நூல் எது?

கடையில் ‘உல்லன்’ என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் வேர்ச்சாயம் ஒட்டாது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். வெள்ளைப் பருத்தி நூல் 200 கிராம் வாங்குங்கள். கீழே சொல்லும் அளவெல்லாம் அதற்குத்தான்.

உருண்டையாக இருந்தால் நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும்.

வெளுத்தல்

எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்பு நிறத்தைக் கறுக்க வைக்கும். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

நூல் தாராளமாக மூழ்கும் அளவு தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும். வெள்ளையாகத் தெரிந்த நூலில் அவ்வளவு மெழுகும் அழுக்கும் இருந்திருக்கின்றன. பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் ஓர் எச்சரிக்கை: உப்புக் கரிக்கும் கடினமான கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது, நூலும் வெளுக்காது. இதற்கு மட்டும் குடிநீரோ மழைநீரோ வேண்டும்.

கடுக்காய்

நைலான் வருவதற்கு முன், பருத்தி வலை உப்புநீரில் இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாறு போன்ற துவர்ப்புச் சாறுகளில் தோய்ப்பார்கள். மீனவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வலையைக் காத்த அதே துவர்ப்பு கடுக்காயிலும் உண்டு; அதுதான் இங்கே நூலையும் அடுத்து வரும் படிகாரத்தையும் சேர்த்துப் பிடிக்கப் போகிறது.

கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 40 கிராமை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஈர நூலை இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். நூல் மங்கிய மஞ்சளாக இருக்கும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயோடு எருமைப் பால் சேர்ப்பது, துணியில் எழுதும் கோடு பரவாமல் இருக்க. நூலுக்கு அது தேவையில்லை. பாலைக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படிகாரம்

30 கிராம் படிகாரத்தைப் பொடித்துக் கொதிநீரில் கரைத்து, நூல் மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் சேருங்கள். இன்னோர் இரவு ஊறட்டும். பிழிந்து, நன்றாகக் காயவைத்து, சாயத்தில் போடுமுன் ஒருமுறை லேசாக அலசுங்கள். அவசரப்பட்டு இந்தப் படியை விட்டால் முதல் சலவையிலேயே சிவப்பு வாளியில் இருக்கும்.

கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். கடைச் சாயங்கள் பலவற்றுக்கு அது சரி. வேர்ச்சாயத்தை நிறுத்துவது உப்பல்ல, படிகாரம்.

சாயப்பானை

சாயவேர் கிடைப்பது அரிது. கிடைத்தால் விடாதீர்கள். புதிதாகத் தொடங்குவோருக்கு நாட்டு மருந்துக்கடை மஞ்சிட்டி போதும். அதுவும் சிவப்பு வேர்தான். 200 கிராம் மஞ்சிட்டிப் பொடியை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து முதல் நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

மறுநாள் அந்த நீரிலேயே முடிச்சோடு ஈர நூலையும் போட்டு, சிறு தீயில் மெல்லச் சூடேற்றுங்கள். கை பொறுக்காத சூடு வரலாம், கொதி வரக்கூடாது. 60, 70 டிகிரியைத் தாண்டினால் மஞ்சிட்டி பழுப்புப் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்து, மரக்குச்சியால் சிட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள். இங்கேதான் குழு உதவும்: ஆள் மாற்றி ஆள் நின்றால் நூல் திட்டுத் திட்டாகாது.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு கூடும். அதனால் வெளுக்க உதவாத கடின நீர் இங்கே தோழன். குடிநீரில்தான் செய்கிறீர்களென்றால், மட்டி சமைத்து மிஞ்சிய ஓட்டைக் கழுவிப் பொடித்து ஒரு தேக்கரண்டி சேருங்கள். துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் மட்டும் ஆகாது.

பானையிலேயே இரவு முழுக்க ஆறவிட்டால் செங்கல் சிவப்பு கிடைக்கும். கருஞ்சிவப்பு வேண்டுவோர் ஒரு சிட்டத்தை, இரண்டு கிராம் அன்னபேதி கரைத்த வெதுநீரில் சில நிமிடம் முக்கலாம். அளவு மிஞ்சினால் இழை இற்றுவிடும்.

அலசலும் கழிவும்

தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயநீரையும் படிகார நீரையும் ஏரியிலோ முகத்துவாரத்திலோ கொட்டாதீர்கள். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். அங்கே மீன் குஞ்சும் வளர்கிறது. ஆறவைத்து, நிறைய நீர் கலந்து, செடியில்லாத வெறும் மண்ணில் பரவலாக ஊற்றுங்கள்.

பின்னியதைத் துவைக்க மென்மையான சோப்பு போதும். எலுமிச்சை, புளி பட்டால் சிவப்பு மஞ்சளாகத் திரியும். ஒரு பானைச் சிவப்பு அடுத்த பானையில் அப்படியே வராது. ஆகவே ஓர் ஆடைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே பானையில் ஏற்றிவிடுங்கள்.