இரண்டு வருட இன்டக்சன்: கையெழுத்திட முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: வருகிற யூனில் பி.ஜி.சி.ஈ. ஆசிரியர் பயிற்சியை முடிக்கிறேன், பாடம் கணிதம். கியூ.ரி.எஸ். என்னும் ஆசிரியர் தகுதியும் சேர்ந்தே கிடைக்கும். அதன்பிறகு புது ஆசிரியர்களுக்கான இரண்டு வருட அறிமுகக் காலம், அதாவது இன்டக்சன், என்கிறார்கள். பக்கத்து அரச இடைநிலைப் பாடசாலை ஒன்று செப்ரெம்பரிலிருந்து வேலை தரத் தயாராக இருக்கிறது. ஏஜென்சிக்காரரோ, "முதலில் ஒரு வருடம் சப்ளை (தற்காலிக ஆசிரியர் வேலை) செய்யுங்கள், அனுபவமும் சேரும், கையில் காசும் இருக்கும்" என்கிறார். "இன்டக்சனில் ஒருமுறை தவறினால் பிறகு ஆசிரியத் தொழிலே இல்லையாம்" என்று அப்பா பயப்படுகிறார். போன வருடம்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. இடையில் குழந்தை என்று வந்தால் என்ன செய்வது என்பது என் பயம். நான் எந்தப் பக்கம் போவது?
– வாசகி, ஹரோ

பதில்: அப்பா சொல்வதில் முக்கால்வாசி உண்மை. இங்கிலாந்தில் இன்டக்சனை ஒருமுறைதான் செய்யலாம், தேறாதவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. கியூ.ரி.எஸ். பறிபோகாது என்றாலும், உள்ளூராட்சி மன்றத்தின் நிதியில் நடக்கும் பாடசாலைகளில் ஆசிரியராக வேலை செய்ய முடியாது. ஆனால் அந்த நிலைக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். அதற்காக நித்திரையைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே ஒரு வாய்ப்பு என்பதால், அதை எந்தப் பாடசாலையில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் கண் வைக்க வேண்டும்.

கொஞ்சம் பழைய கதை. புது ஆசிரியருக்கான தகுதிகாண் வருடத்தை 1992இல் எடுத்துவிட்டார்கள். 1999இல் ஒரு வருட இன்டக்சனாக அது திரும்பி வந்தது. 2021 செப்ரெம்பரில் இரண்டு வருடம், அதாவது ஆறு தவணை ஆனது. வேலைக்கு வந்த சில வருடங்களிலேயே இளம் ஆசிரியர்கள் விட்டுப் போவது பெரிய தலைவலியாகிவிட்டது, அவர்களைத் தாங்கிப் பிடிக்கத்தான் இந்த நீட்டிப்பு. ஆகவே இந்த இரண்டு வருடத்தில் உங்களுக்கு வரவேண்டியவை நிறைய இருக்கின்றன. கேட்டு வாங்கத் தெரியாமல்தான் பலர் வாடிப்போகிறார்கள்.

முதலாவது நேரம். எல்லா ஆசிரியர்களுக்கும் கிடைக்கிற திட்டமிடல் நேரம் போக, முதல் வருடத்தில் 10 சதவீதமும் இரண்டாம் வருடத்தில் 5 சதவீதமும் உங்கள் நேரசூசியில் குறைக்க வேண்டும். மற்றவர்கள் வாரத்துக்கு 22 பாடவேளை எடுக்கிறார்கள் என்றால் முதல் வருடம் உங்களுக்கு ஏறத்தாழ 20. அந்த இடைவெளியில் வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஒருநாள் உதவியாகச் செய்யலாம், வழக்கமாக்க விடாதீர்கள்.

அடுத்தது ஆட்கள். கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு மென்ரர், முன்னேற்றத்தை மதிப்பிட ஓர் இன்டக்சன் பொறுப்பாசிரியர் என இருவர் வேண்டும். விதிவிலக்கான நிலையில் மட்டும் ஒருவரே இரண்டையும் செய்யலாம். என்னைக் கேட்டால், பெரிய இடைநிலைப் பாடசாலை ஒன்று அப்படிச் சொன்னால் நான் யோசிப்பேன். மதிப்பிடப் போகிறவரிடமே போய் "பத்தாம் வகுப்பு எனக்கு அடங்குதில்லை" என்று மனம்விட்டுச் சொல்ல யாருக்கு வரும்?

நேர்முகத்தில் பலர் கேட்க மறப்பது இன்னொன்று. இன்டக்சனைக் கண்காணிக்க வெளியே ஒரு பொறுப்பு அமைப்பு உண்டு. நீங்கள் வேலையைத் தொடங்குமுன்னரே அதிபர் அதற்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் நீங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தாலும் உங்கள் இன்டக்சன் ஆரம்பமாகாது. முன்பு உள்ளூராட்சி மன்றங்களும் இந்த வேலையைச் செய்தன. 2024 செப்ரெம்பரிலிருந்து அவை விலகிவிட்டன, இப்போது பெரும்பாலும் ரீச்சிங் ஸ்கூல் ஹப்கள்தான். மூத்த ஆசிரியர்கள் பழைய ஞாபகத்தில் "கவுன்சிலைக் கேள்" என்றால் அது இனிச் செல்லாது. ஆகவே இரண்டு கேள்விகள்: எந்த அமைப்பிடம் பதிகிறீர்கள்? என் மென்ரர் யார்? "அதெல்லாம் செப்ரெம்பரில் பார்க்கலாம்" என்ற பதில் வந்தால் வேறு பாடசாலை தேடுங்கள். கணித ஆசிரியருக்கு இந்த நாட்டில் வேலைத் தட்டுப்பாடு இல்லை.

கணிதத்துக்கு எடுத்துவிட்டு வேறு பாடத்தைத் தலையில் கட்டுவதும், அன்றாடம் கடுமையான ஒழுக்கப் பிரச்சினை உள்ள வகுப்புகளை ஒப்படைப்பதும் இன்டக்சன் வேலைக்கு விதிகள் ஏற்காதவை. இதையும் மனதில் வைத்திருங்கள்.

ஏஜென்சிக்காரர் சொன்ன காசு உண்மை. அவர் சொல்லாமல் விட்டது, ஒரே பாடசாலையில் ஒரு முழுத் தவணைக்குக் குறைவாகச் செய்யும் சப்ளை வேலை இன்டக்சனில் சேராது என்பது. பிறகு பின்தேதியிட்டும் சேர்க்க முடியாது. கியூ.ரி.எஸ். கிடைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குத்தான் அப்படிக் குறுகிய சப்ளை வேலையும் செய்யலாம். ஆனால் இன்டக்சனை இத்தனை காலத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்று கெடு இல்லை. வீட்டுச் சூழ்நிலையால் சப்ளைதான் முடியும் என்றால் அது வேறு கதை. நல்ல வேலை கையில் இருக்கும்போது சப்ளைக்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்: இன்டக்சன் முடியவில்லை என்பதற்காகச் சம்பள உயர்வை நிறுத்தக் கூடாது.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, மூன்றாம் தவணை முடிவிலும் ஆறாம் தவணை முடிவிலும் முறையான மதிப்பீடு நடக்கும். மற்றத் தவணைகளில் முன்னேற்றப் பார்வை மட்டும். அளவுகோல் எல்லா ஆசிரியருக்கும் உள்ள அதே ஆசிரியர் நியமங்கள்தான், அதற்கென்று தனியாகக் கோப்பு கட்டத் தேவையில்லை. பிரச்சினை தெரிந்தால் உடனே உங்களிடம் சொல்லி ஆதரவுத் திட்டம் போடுவது பாடசாலையின் கடமை. கடைசியில் அதிபர் பரிந்துரைதான் செய்கிறார், முடிவெடுப்பது பொறுப்பு அமைப்பு. அந்த முடிவும் பாதகமானால் 20 வேலை நாட்களுக்குள் ஆசிரியர் ஒழுங்குமுறை முகவரகத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். முதல் நாளே ஒரு தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். இடையில் பாடசாலை மாறினாலும் முடித்த தவணைகள் உங்களோடு வரும், மதிப்பீட்டுப் படிவங்களின் பிரதி ஒவ்வொன்றையும் கையில் வைத்திருங்கள்.

இனிக் குழந்தை. ஒரு வருடத்தில் விடுப்பு 30 நாட்களை எட்டினால் அத்தனை நாளும் இன்டக்சன் நீளும். மகப்பேற்று விடுமுறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நீட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் தெரிவு. நீட்டாமல் விட்டாலும் மதிப்பீட்டில் சலுகை கிடையாது என்பதால், அந்த முடிவை விடுமுறையால் திரும்பி வந்த பிறகே எடுங்கள். பகுதிநேரமாகத் திரும்பினால் காலம் அதற்கேற்ப நீளும். ஆனால் இரண்டு வருடம் கடந்து, நியமங்களை எட்டிவிட்டீர்கள் என்றால் அதைச் சுருக்கும்படி பொறுப்பு அமைப்பிடம் கேட்கலாம்.